அளவு நாடாவுக்குத் தெரியாதது

எங்கள் கடை எட்டடிக்குப் பத்தடி. பாளையங்கோட்டை முருகன்குறிச்சிப் பக்கம், ஒரு மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. திரைச்சீலையை இழுத்துவிட்டு நாடாவை மார்பைச் சுற்றிப் போட்ட உடனே பெண்கள் பேச ஆரம்பித்துவிடுவார்கள். மாமியார், சீட்டுப் பணம், கர்ப்பப்பை எடுத்த ஆபரேஷன் எல்லாம் அந்த இரண்டு நிமிடத்தில் வந்துவிடும். விலங்கியலில் பட்டம் வாங்கிவிட்டுத் தையல் மிஷினில் உட்கார்ந்து 22 வருடம் ஆகிறது. படித்த படிப்பு வீணாகப் போய்விட்டதே என்று அம்மா சாகும்வரை வருத்தப்பட்டாள். அது எப்போது, யாருக்கு உதவப்போகிறது என்று அப்போது எனக்கும் தெரியாது.

மதினிக்கு மார்புச்சுற்று 32. அண்ணனுக்கு வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து அதே 32தான். இரண்டு பிள்ளை பெற்றும் அரை இஞ்ச் கூடவில்லை. ஒருமுறை கடையில் உட்கார்ந்து ஊக்கு தைத்துக்கொண்டிருந்தபோது, தெரிந்த டீச்சர் ஒருவருக்கு மார்பில் கட்டி என்ற பேச்சு வந்தது. மதினி சிரித்தாள்.

"எனக்கெல்லாம் எங்கன வரும்? இருந்தால்லா வரும்!"

நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பு இன்னும் எனக்கு உறுத்துகிறது.

சிறுத்த மார்புக்குப் புற்று வராது என்பது எங்கள் பக்கம் நிறையப் பேர் நம்புகிற விஷயம். பெருத்த உடம்புக்காரிக்குத்தான் வரும், பால் கொடுக்காதவளுக்குத்தான் வரும், இறுக்கமாக உள்பாடி போட்டால் வரும் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். உள்பாடி விஷயத்துக்கு எந்த ஆதாரமும் இல்லை. தைக்கிறவள் என்ற முறையில் அதை மட்டும் முதலிலேயே தீர்த்துவைத்துவிடுகிறேன். மற்ற இரண்டும் பாதி உண்மை. அந்தப் பாதி உண்மைதான் சிக்கல்.

மதினிக்கு 44 வயதில், அண்ணன் ஆபீஸில் கொடுத்த ஒரு சலுகைச் சீட்டில் மேமோகிராம், அதாவது மார்புக்கான எக்ஸ்ரே, எடுத்தார்கள். எந்த ஸ்கேன் சென்டர் என்பது வேண்டாம். கவரைக் கொடுத்த பெண் "நார்மல்தான்க்கா" என்று சொல்லி அனுப்பிவிட்டது. வீட்டில் அதைப் பீரோவுக்கு மேல் வைத்தார்கள். ஏழு மாதம் கழித்து சேரன்மகாதேவியில் தம் அம்மா வீட்டுக்குப் போயிருந்த மதினி, ஆற்றில் பாவாடையை மாரில் ஏற்றிக் கட்டிக்கொண்டு சோப்புப் போடும்போது இடது பக்கம் பட்டாணி மாதிரி ஒன்று கையில் தட்டியது. வலி இல்லை. வலி இல்லாததால் இன்னும் மூன்று வாரம் சும்மா இருந்தாள். அப்புறம்தான் என்னிடம் சொன்னாள்.

பழைய கவரை எடுத்துப் பிரித்துப் பார்த்தவள் நான்தான். சந்தேகப்படும்படி எதுவும் இல்லை என்று எழுதியிருந்த அதே தாளில், அதற்கு மேலே ஒரு வரி: மார்பகத் திசு மிக அடர்த்தியானது, வகை டி. அந்த வரியைக் கவர் கொடுத்த பெண் படிக்கவில்லை, மருந்து எழுதிய டாக்டர் படிக்கவில்லை, அண்ணனும் படிக்கவில்லை. படித்திருந்தாலும் எங்களில் யாருக்கும் அதற்கு அர்த்தம் தெரிந்திருக்காது.

மார்பகத்துக்குள் இருப்பது முக்கியமாக மூன்று சமாச்சாரம். பால் சுரக்கும் சுரப்பியும் அதன் நாளங்களும் ஒன்று. அவற்றைத் தாங்கிப் பிடிக்கும் நார்த்திசு ஒன்று. இடுக்கையெல்லாம் நிரப்புகிற கொழுப்பு ஒன்று. எக்ஸ்ரே கொழுப்பைச் சுலபமாகக் கடந்துவிடுவதால் அது படத்தில் கறுப்பாக விழும். சுரப்பியும் நாரும் வெள்ளையாக விழும். புற்றுக்கட்டியும் வெள்ளையாகத்தான் விழும். கறுப்பு லைனிங்கில் ஒரு வெள்ளை நூல் கிடந்தால் வாசலில் நிற்கிற ஆளுக்கும் தெரியும். வெள்ளை மல் துணியில் அதே நூல் விழுந்தால் நான் டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துத் தேட வேண்டியிருக்கிறது, அப்படியும் சில சமயம் தைத்து முடித்த பிறகுதான் கண்ணில் படுகிறது. மதினியின் படம் முழுக்க வெள்ளை மல்.

இந்த வெள்ளையின் அளவை ஏ, பி, சி, டி என்று நான்காகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஏ என்றால் ஏறக்குறைய எல்லாம் கொழுப்பு, டி என்றால் ஏறக்குறைய எல்லாம் வெள்ளை. அமெரிக்கக் கணக்குப்படி பத்துப் பெண்களில் ஒருத்தி ஏ, ஒருத்தி டி, மீதி எட்டுப் பேர் நடுவில் பியும் சியும் பாதிப் பாதி. அதாவது இரண்டு பெண்களில் ஒருத்திக்கு 'அடர்த்தி' என்று எழுதித்தான் ரிப்போர்ட் வரும். இது நோயின் பெயர் இல்லை. உயரம், தலைமுடி மாதிரி உடம்பின் ஒரு வாகு. இரட்டைப் பிறவிகளை வைத்து 2002ல் வந்த ஓர் ஆய்வு, பெண்ணுக்குப் பெண் இந்த அடர்த்தி வேறுபடுவதில் ஏறக்குறைய 63 சதவீதம் பரம்பரையால் வருவது என்று கணக்குச் சொன்னது.

இன்னொன்று. அடர்த்தி கைக்குத் தெரியாது. தொட்டால் கெட்டியாக இருப்பது வேறு, படத்தில் வெள்ளையாக விழுவது வேறு. ஆயிரக்கணக்கான பெண்களுக்கு அளவெடுத்த என் நாடாவுக்கும் இது தெரியாது. 32ம் தெரியாது, 42ம் தெரியாது. சின்ன மார்பில் கொழுப்பு குறைவாக இருப்பதால் வெள்ளையின் பங்கு கூடுதலாக இருக்க வாய்ப்பு உண்டு என்பதுதான் உள்ள கதை. "இருந்தால்லா வரும்" என்று மதினி சொன்ன கணக்கு அப்படியே தலைகீழ்.

மறைப்பது மட்டும் என்றால் அடர்த்தி வெறும் திரைச்சீலை. விஷயம் அதோடு நிற்கவில்லை. 1976ல் டெட்ராய்ட் நகரத்து ஜான் வுல்ஃப் என்ற கதிரியக்க மருத்துவர், மேமோகிராம் படங்களை நான்கு விதமாகப் பிரித்து, வெள்ளை அதிகமுள்ள பெண்களுக்குப் பின்னால் புற்று அதிகம் வருகிறது என்று எழுதினார். முதலிலேயே இருந்த கட்டி மறைந்திருந்து பின்னால் தெரிந்திருக்கும், அவ்வளவுதான் என்று பலர் ஒதுக்கினார்கள். ஆனால் படம் எடுத்துப் பல வருடம் கழித்தும் அந்த வித்தியாசம் குறையாமல் நின்றது. மறைந்திருந்த கட்டி என்றால் இரண்டு மூன்று வருடத்தில் வெளியே வந்திருக்க வேண்டுமே. டொரண்டோவில் நார்மன் பாய்ட் குழு 2007ல் வெளியிட்ட ஆய்வில், மார்பில் முக்கால் பங்குக்கு மேல் அடர்த்தி உள்ளவர்களுக்கு, பத்தில் ஒரு பங்குக்கும் கீழே உள்ளவர்களைவிட 4.7 மடங்கு ஆபத்து. ஒன்றுமில்லை என்று ரிப்போர்ட் வந்து 12 மாதத்துக்குள் வெளிப்படுகிற புற்றில் மட்டும் அந்த வித்தியாசம் 17.8 மடங்கு. ஏழாவது மாதம் என்று மதினியின் கணக்கை அந்த எண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 4.7 என்பது இந்த ஓரத்தையும் அந்த ஓரத்தையும் ஒப்பிட்ட எண். பெரும்பாலான பெண்கள் நடுவில் நிற்கிறவர்கள், அவர்களை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் இவ்வளவு பெரிதாக இருக்காது. வாட்ஸ்அப்பில் ஐந்து மடங்கு என்று யாராவது அனுப்பினால் யாரைவிட என்று கேளுங்கள்.

சரி, இப்போது பெரியம்மை.

அம்மாவுக்கு மூத்தவள். முக்கூடலில் பீடி சுற்றி வாழ்ந்தவள். மடியில் சொளவை வைத்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் மத்தியானம் வரைக்கும் எழுந்திருக்க மாட்டாள். பிள்ளை இல்லை. என்னை அம்மாவிடமிருந்து வாங்கி ஆறு வயதுவரை வளர்த்தவள் அவள்தான். நல்ல சதைப்பிடிப்பு, 42 சுற்று, அவளுக்கு ஜாக்கெட் வெட்டும்போது மட்டும் துணிக்கடைக்காரர் கொடுக்கிற 80 சென்டிமீட்டர் பத்தாது. 63 வயதில் அவளுக்கும் வந்தது. மதினிக்கு வருவதற்கு மூன்று வருடம் முன்னால்.

அவள் படத்தை நான் மறக்கவே மாட்டேன். முழுக்கக் கறுப்பு. அந்தக் கறுப்பில், நட்சத்திரம் மாதிரி முள்முள்ளாகக் கால் நீட்டிக்கொண்டு ஒரு வெள்ளைப் புள்ளி. திருவனந்தபுரம் ஆர்சிசி புற்றுநோய் ஆஸ்பத்திரியில் டாக்டர் விளக்குப் பெட்டியில் மாட்டிய உடனே எனக்கே தெரிந்துவிட்டது. அடர்த்தி வகை ஏ. அப்படியானால் ஆபத்து குறைந்தவள்தானே? அடர்த்தி கணக்குப்படி அப்படித்தான். அப்புறம் எப்படி வந்தது?

ஊர் ஒரே வார்த்தையில் பதில் வைத்திருந்தது: பீடி. புகையிலைத் தூசிக்கு அதற்கான கெடுதல்கள் உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த விலங்கியல் மாணவி வேறு பக்கம் பார்த்தாள். மாதவிடாய் நின்ற பிறகு சூலகம் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைச் சுரப்பதை ஏறக்குறைய நிறுத்திவிடுகிறது. ஆனால் உடம்பு நிறுத்துவதில்லை. அட்ரினல் சுரப்பியிலிருந்து வருகிற ஆண் ஹார்மோன் வகைகளை, கொழுப்புத் திசுவில் இருக்கும் அரோமடேஸ் என்ற நொதி ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொண்டே இருக்கிறது. கொழுப்பு அதிகம் என்றால் பட்டறையும் பெரிது. 2002ல் ஒன்பது தொடர் ஆய்வுகளின் ரத்த மாதிரிகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது, மாதவிடாய் நின்ற பெண்களில் எஸ்ட்ரடையால் என்ற ஈஸ்ட்ரோஜன் வகையின் அளவு மேல் ஐந்தில் ஒரு பங்கில் இருந்தவர்களுக்கு, கீழ் ஐந்தில் ஒரு பங்கில் இருந்தவர்களைவிட ஆபத்து இரண்டு மடங்கு. டெஸ்டோஸ்டிரோனும் அதே திசையில்தான் போனது.

இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் குழப்பம் வரும். ஒல்லியான மதினிக்கு அடர்த்தி அதிகம். தடித்த பெரியம்மைக்கு அடர்த்தி குறைவு, ஹார்மோன் அதிகம். ஈஸ்ட்ரோஜன் திசுவை வளர்க்கும், திசு வளர்ந்தால் அடர்த்தி கூடும், ஆக அடர்த்தி என்பதே ஹார்மோனின் நிழல்தான் என்று நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்க நன்றாக இருக்கிற விளக்கம். தப்பு.

தப்பு என்று காட்டியது அமெரிக்க நர்ஸுகள். 1976ல் 1,21,700 நர்ஸுகளை வைத்துத் தொடங்கிய ஆய்வு அது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கேள்வித்தாள் நிரப்பி, பின்னால் ரத்தமும் கொடுத்து, மேமோகிராம் படத்தையும் கொடுத்திருக்கிறார்கள் அந்தப் புண்ணியவதிகள். அதில் மாதவிடாய் நின்ற, ஹார்மோன் மாத்திரை சாப்பிடாத பெண்களை எடுத்துக்கொண்டு ருல்லா தமிமி குழு 2007ல் ஒரு கேள்வி கேட்டது: ரத்தத்தில் உள்ள ஹார்மோனும் மார்பின் அடர்த்தியும் ஒரே ஆபத்தின் இரண்டு பெயரா? கிடைத்த விடை: இல்லை. ஒன்றைக் கணக்கில் சேர்த்தாலும் மற்றதன் பங்கு கரையவில்லை. இரண்டும் தனித்தனியாக நின்றன. இரண்டும் கூடுதலாக அமைந்தவர்களுக்கு ஆபத்து எல்லாரையும்விட அதிகம்.

தாமிரபரணிக்கு வருகிற தண்ணீர் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். பாபநாசம் மலையிலிருந்தும் வருகிறது, குற்றாலத்துப் பக்கத்திலிருந்து சிற்றாறாகவும் வந்து சேருகிறது. மலையில் மழை இல்லை என்பதால் சீவலப்பேரியில் வெள்ளம் வராது என்று யாரும் சொல்ல முடியாது. பெரியம்மை ஒரு ஆறு, மதினி ஒரு ஆறு.

பெரியம்மைக்குப் பிள்ளை இல்லாததைப் பற்றியும் எழுதத்தான் வேண்டும். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது பார்க்க வந்த ஒருத்தி, வாய் கூசாமல், "பால் கட்டாத மாருல்லா, அதான்" என்று சொல்லிவிட்டுப் போனாள். பெரியம்மை சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

அந்தப் பெண் சொன்னதில் இருந்த பாதி உண்மை பழையது. 1700களின் தொடக்கத்தில் இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி, கன்னியாஸ்திரிகளுக்கு மார்பகப் புற்று அதிகம் வருவதைக் குறித்து வைத்தார். 1926ல் இங்கிலாந்தில் ஜேனட் லேன்-கிளேப்பன், நோயுள்ள 500 பெண்களையும் இல்லாத 500 பெண்களையும் ஒப்பிட்டுப் பிள்ளைப்பேறும் பால் கொடுப்பதும் எங்கே வித்தியாசப்படுகிறது என்று காட்டினார். 2002ல் 30 நாடுகளின் 47 ஆய்வுகளைச் சேர்த்துப் போட்ட கணக்கு: ஒவ்வொரு பிரசவத்துக்கும் ஆபத்து 7 சதவீதம் குறைகிறது, பால் கொடுத்த ஒவ்வொரு 12 மாதத்துக்கும் இன்னும் 4.3 சதவீதம். 2012ல் வந்த இன்னொரு கணக்கில், பூப்பெய்துவது ஒரு வருடம் முந்தினால் 5 சதவீதம் கூடுகிறது, மாதவிடாய் நிற்பது ஒரு வருடம் பிந்தினால் ஏறக்குறைய 3 சதவீதம். பெரியம்மைக்கு 55 வயதில்தான் நின்றது.

எங்கள் ஆச்சியின் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஆச்சி சமைந்தது பதினாறு வயதில் என்பாள். சடங்கு சுற்றி, உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் கொடுத்து, அடுத்த வருடமே கல்யாணம். ஒன்பது பேறு. ஒவ்வொன்றும் அடுத்தது வயிற்றில் வரும்வரை பால் குடித்தது. வாழ்நாள் முழுக்க அவளுக்கு மாதவிடாய் வந்தது நூறு, நூற்றிருபது தடவைக்கு மேல் இருக்காது. எனக்குப் பன்னிரண்டு வயதில் தொடங்கியது, இரண்டு பிள்ளைகள், ஆளுக்கு ஒரு வருடம் பால். இன்றுவரை நானூறைத் தொட்டிருப்பேன். ஒவ்வொரு மாதமும் மார்பகத்தின் உயிரணுக்கள் ஒரு பிள்ளை வரும் என்று நம்பிப் பெருகி, வரவில்லை என்றதும் அடங்குகின்றன. அத்தனை தடவை பெருகும்போது எங்கேயாவது ஒரு தையல் தப்பும். இதற்காக எல்லாரும் ஒன்பது பெறுங்கள் என்று சொல்கிற கிறுக்கு எனக்கு இல்லை. ஆச்சியின் ஒன்பதில் தங்கியது ஐந்து.

கன்னியாஸ்திரி கதையைப் பெரியம்மையிடம் சொன்னேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பாளையங்கோட்டையில் தெருவுக்குத் தெரு கான்வென்ட், அவளுக்குத் தெரியாத கன்னியாஸ்திரிகள் இல்லை.

"அவாளுக்குமா வரும்?"

"ஆமா பெரியம்மை. முந்நூறு வருசத்துக்கு முன்னாலயே எழுதி வச்சிருக்காவ."

"அப்ப சாமி கோவிச்சதுல வந்ததில்ல இது," என்று சொல்லிவிட்டுக் காப்பி கேட்டாள். புள்ளிவிவரம் ஒரு மனுஷியை ஆற்றியதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

மதினிக்கு ஆபரேஷன் முடிந்த சமயத்தில் எனக்குப் பயம் பிடித்துவிட்டது. பெரியம்மை என் ரத்தம். மதினி ரத்த உறவில்லை என்றாலும் மனதுக்கு அது தெரியாதே. ஒரு லேபில் 'பெண்கள் ஹார்மோன் பேக்கேஜ்' என்று போட்டிருந்தார்கள். மூவாயிரத்துச் சொச்சம் கட்டி ரத்தம் கொடுத்தேன். எட்டு ஹார்மோன், எட்டுக்கும் நம்பர், இரண்டுக்குப் பக்கத்தில் சிவப்பு அம்புக்குறி. டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டு, "எத்தனாவது நாள் ரத்தம் எடுத்தாங்க?" என்று கேட்டார். மாதவிடாய் கணக்கில் எத்தனாவது நாள் என்று. எனக்கு நினைவில்லை. லேபில் யாரும் கேட்கவும் இல்லை. மாதவிடாய் ஓடுகிற பெண்ணுக்கு எஸ்ட்ரடையால் ஒரே மாதத்துக்குள் பல மடங்கு ஏறி இறங்கும். நாள் தெரியாத நம்பருக்கு அர்த்தமில்லை என்று சொல்லித் தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆய்வுகளில் வருகிற 'மேல் ஐந்தில் ஒரு பங்கு' எல்லாம் ஆயிரம் பேரை வரிசையில் நிறுத்தினால் தெரிகிற விஷயம். ஒருத்தியின் தாளை மட்டும் பிடித்துப் பார்த்து உனக்கு வரும், உனக்கு வராது என்று சொல்ல அதனால் ஆகாது. மூவாயிரத்துக்கு மூன்று நல்ல லைனிங் பேல் வாங்கியிருக்கலாம்.

வெளியிலிருந்து உள்ளே போகிற ஹார்மோன் வேறு கதை. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு உடம்பு எரிச்சல், தூக்கமின்மைக்கு ஹார்மோன் மாத்திரை கொடுப்பது வெளிநாடுகளில் ஒரு காலத்தில் தண்ணீர் பட்ட பாடாக இருந்தது. அதில் பேர்போன ஒன்று சினைப்பட்ட குதிரையின் மூத்திரத்திலிருந்து எடுத்தது, நம்புங்கள். அமெரிக்காவில் 16,608 பெண்களை வைத்து நடந்த சோதனையில் ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்டின் என்ற இன்னொரு ஹார்மோனும் சேர்ந்த மாத்திரை கொடுத்தார்கள். 2002 ஜூலையில் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். வருடத்துக்குப் பத்தாயிரம் பெண்களில் 30 பேருக்கு வரவேண்டிய மார்பகப் புற்று 38 பேருக்கு வந்தது. அதே மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு ஒரே வருடத்தில் மேமோகிராமில் அடர்த்தியும் கூடியிருந்தது. கர்ப்பப்பை எடுத்தவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனை மட்டும் தனியாகக் கொடுத்த பிரிவில் மார்பகப் புற்று கூடவில்லை. ஹார்மோன் என்று ஒரே சொல்லில் எல்லாவற்றையும் மூட்டை கட்டக்கூடாது என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல சாட்சி இல்லை.

ஆக, இரண்டும் தனித்தனி என்று மேலே சொன்னேன், இங்கே ஹார்மோன் அடர்த்தியைக் கூட்டுகிறதே என்று கேட்பீர்கள். தனி ஆறு என்றாலும் நடுவில் ஒரு வாய்க்கால் வெட்டினால் தண்ணீர் போகும். அந்த வாய்க்காலைத் திரும்பப் பிடித்துப் பார்த்தால்தான் மதினியின் மாத்திரை புரியும்.

இரண்டு பேருக்கும் கட்டியைச் சோதித்தபோது ஈஸ்ட்ரோஜனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பி உள்ள வகை என்று வந்தது. ஆனால் மாத்திரை வேறு வேறு. பெரியம்மைக்கு லெட்ரசோல். கொழுப்பில் ஓடுகிற அந்த அரோமடேஸ் பட்டறையையே இழுத்து மூடுகிற மருந்து. மூட்டெல்லாம் வலிக்கிறது என்று தினமும் அதைத் திட்டிக்கொண்டே விழுங்குகிறாள். மதினிக்கு அப்போது மாதவிடாய் நிற்கவில்லை, சூலகம் ஓடிக்கொண்டிருந்தது, பட்டறையை மூடிப் பயனில்லை. அவளுக்குத் தமாக்ஸிஃபென். ஈஸ்ட்ரோஜன் வந்து உட்காருகிற நாற்காலியில் முன்னாலேயே போய் உட்கார்ந்துகொள்கிற மருந்து. இதற்கெல்லாம் வேர் 1896ல் ஸ்காட்லாந்துக்காரர் ஜார்ஜ் பீட்ஸன் எழுதிய கட்டுரையில் இருக்கிறது. கன்று ஈன்ற பசுவுக்குச் சூலகத்தை எடுத்துவிட்டால் பால் வற்றாது என்று சில நாட்டு உழவர்கள் செய்ததை அறிந்து, சூலகத்துக்கும் மடிக்கும் ஏதோ பேச்சுவார்த்தை இருக்கிறது என்று யோசித்து, முற்றிய புற்றுள்ள பெண்ணுக்குச் சூலகத்தை எடுத்தார். கட்டி சுருங்கியது. ஹார்மோன் என்ற சொல்லே புழக்கத்துக்கு வந்தது 1905ல்தான்.

தமாக்ஸிஃபென் அடர்த்தியையும் குறைக்கும். நோய் இல்லாத, ஆனால் ஆபத்து அதிகமுள்ள பெண்களுக்கு அதைத் தடுப்பு மருந்தாகக் கொடுத்த ஒரு பெரிய சோதனையின் படங்களை 2011ல் அலசினார்கள். ஒன்றரை வருடத்துக்குள் அடர்த்தி பத்து புள்ளியாவது இறங்கியவர்களுக்கு ஆபத்து 63 சதவீதம் குறைந்திருந்தது. அந்த அளவுக்கு இறங்காதவர்களுக்குச் சொல்லும்படியாக எதுவும் குறையவில்லை. மருந்து பிடிக்கிறதா என்று படம் சொல்லிவிடுகிற மாதிரி.

போன வருடம் மதினியின் வலது பக்கத்துக்கு எடுத்த மேமோகிராம் ரிப்போர்ட்டை நான்தான் முதலில் பிரித்தேன். இப்போது அந்த வீட்டில் கவர் பிரிக்கிற வேலை என்னுடையது. வகை சி. டி-யிலிருந்து சி.

"என்னட்டி, பரீட்சையில மார்க் ஏறின மாதிரி சிரிக்க?"

"இறங்கிருக்கு மதினி. இதுல இறங்கினாத்தான் நல்லது."

"கோட்டிக்காரி."

என் ரிப்போர்ட்டும் சி-தான். எடுத்த அன்றைக்கே கேட்டு அல்ட்ராசவுண்டும் செய்துகொண்டேன். அடர்த்தி உள்ளவர்களுக்கு மேமோகிராம் விடுகிறதை அது கொஞ்சம் பிடிக்கும். பிடிப்பதோடு, ஒன்றுமில்லாததையும் சில சமயம் கட்டி என்று காட்டி, ஊசியால் திசு எடுத்துச் சோதிக்க வைத்து அலைக்கழிக்கும், அதையும் தெரிந்துகொண்டுதான் போக வேண்டும். நெதர்லாந்தில் வகை டி பெண்களுக்கு மட்டும் எம்ஆர்ஐ சேர்த்துப் பார்த்தபோது, இரண்டு மேமோகிராமுக்கு நடுவில் வெளிப்படுகிற புற்று ஆயிரத்துக்கு 5 என்பது 2.5 ஆகியது. நம் ஊரில் எல்லாருக்கும் எம்ஆர்ஐ என்பது நடக்கிற காரியம் இல்லை. ஆனால் நடக்கிற காரியம் ஒன்று இருக்கிறது. மும்பையில் ஒன்றரை லட்சம் பெண்களை இருபது வருடம் தொடர்ந்து பார்த்ததில், பயிற்சி பெற்ற சாதாரணப் பெண் ஊழியர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கையால் பரிசோதித்ததே ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களில் மார்பகப் புற்றுச் சாவை ஏறக்குறைய 30 சதவீதம் குறைத்தது. கைக்கு வெள்ளையும் கறுப்பும் கிடையாது.

அமெரிக்காவில் நான்சி கப்பெல்லோ என்ற பெண்ணுக்கு 2004ல் மேமோகிராம் சரி என்று வந்து ஆறு வாரத்தில் முற்றிய புற்று தெரிந்தது. அடர்த்தி என்ற சொல்லையே அவர் அப்போதுதான் கேள்விப்பட்டார். சண்டை போட்டு, 2009ல் அவருடைய மாநிலத்தில் அடர்த்தியைப் பெண்ணிடம் சொல்லியே ஆக வேண்டும் என்று சட்டம் கொண்டுவர வைத்தார். 2024 செப்டம்பரிலிருந்து அந்த நாடு முழுக்க அது விதி. மதினி மாதிரி எத்தனை பீரோவுக்கு மேல் எத்தனை கவர் கிடக்கும்? இப்போது கடைக்கு வருகிறவர்களில் மேமோகிராம் எடுத்தவர்கள் இருந்தால், நாடாவைச் சுருட்டிக்கொண்டே, என்ன எழுத்து போட்டிருக்கிறது என்று கேட்டுவிடுகிறேன். மாதவிடாய் ஓடுகிறவர்களிடம், குளித்த முதல் வாரத்தில் எடுங்கள், வலி குறைவாக இருக்கும், படமும் கொஞ்சம் தெளிவாக விழும் என்றும் சொல்வேன். ஒன்றிரண்டு பேர் முகம் சுளித்து வேறு கடைக்குப் போய்விட்டார்கள். போகட்டும்.

அடுத்த மாதம் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். மதினிக்குப் பட்டு ஜாக்கெட் நான்தான் தைக்கிறேன். இப்போது அவளுக்கு ஒரே சுற்றாக அளவெடுப்பதில்லை. முதுகு நடுத்தையலிலிருந்து முன் ஊக்குப் பட்டி வரைக்கும் வலது தனி, இடது தனி. இடது பக்கம் லைனிங்குக்குள்ளே ஒரு பை வைத்து, அதில் நிரப்புவதுதான் பெரிய பாடு. வெறும் பஞ்சு வைத்தால் எடையில்லாமல் மேலே மேலே ஏறிவிடுகிறது, கையைத் தூக்கினால் தோளுக்கு வந்து நிற்கிறது. பழந்துணிச் சுருள் வைத்தால் வேர்வையில் நனைந்து கனத்தது. இந்தத் தடவை பஞ்சுக்கு நடுவில் சின்ன முடிச்சாகக் கடுகு வைத்தேன். எடை சரியாக உட்கார்ந்தது. திரைச்சீலைக்குள்ளே நின்று, கண்ணாடியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு மதினி சொன்னாள்:

"நல்லாத்தான் இருக்கு. ஆனா மண்டபத்துல வேர்த்து ஊத்துமே. சொதி விருந்து முடியறதுக்குள்ள முளைச்சிராதுல்லா?"